மொறிஸின் இடப்பக்கக் கண்ணாடி

கட்டுநாயக்காவில் இறங்கியது, வங்கியில் கணக்கை உயிர்ப்பித்தது, அம்மாவின் கண் பரிசோதனை என்று இந்தப் பயணத்தில் பயந்துகொண்டிருந்த காரியங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டன. ஆகவே அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று வார விடுமுறையில் மூன்று முழு நாட்களை விழுங்கியது ஒரு காரின் முன் கதவுக் கண்ணாடி. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கார் அப்பாவுடையது. 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 948 சீசீ இயந்திரம். 1957, 1958ஆம் ஆண்டுகளில் தமிழர் எதிர்ப்பில் எவ்வளவோ தாரும் கோபமும் செலவான அந்தச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இலக்கத் தகட்டில் இன்னும் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டேதான் முப்பது வருடம் ஓட்டினார். அவர் காலமான பின் வெள்ளவத்தையில் அத்தான் வீட்டுப் போர்ட்டிக்கோவில் துணி போர்த்திக் கிடந்ததைப் போன வருடம் தெஹிவளையில் ஒரு கராஜில் விட்டு, லண்டனிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பி, டிங்கரிங்கும் பெயின்றும் முடித்திருந்தோம். நான் வந்தது கடைசி வேலைகளுக்காக. ரப்பர் பீடிங், கண்ணாடி ஓடும் வெல்வெட் சனல், கதவு ஓரத்து ரப்பர் எல்லாவற்றையும் சூட்கேசில் சுருட்டிக் கொண்டுவந்தேன். கண்ணாடிகள் நான்கும் பழையவை, நல்லவை, மூலையில் 'டிரிப்லெக்ஸ்' என்ற பொறிப்போடு இருந்தன. அவற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

நான் கராஜுக்குப் போன அன்று காலை இடது முன் கதவின் கண்ணாடி சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. வேலைப் பெடியன் ஒருவனின் கையிலிருந்து நழுவிய பத்து அங்குல ஸ்பேனர் ஒன்று அதன் விளிம்பில் விழுந்தது. நடுவில் விழுந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். டெம்பர் செய்த கண்ணாடிக்கு உயிர்நாடி விளிம்பில்தான். ஒரு சத்தம், அவ்வளவுதான். அறுபது வருடக் கண்ணாடி கற்கண்டு மாதிரித் தரையில் உதிர்ந்து கிடந்தது. பாஸ் என்னைப் பார்த்தார், நான் பெடியனைப் பார்த்தேன், பெடியன் ஸ்பேனரைப் பார்த்தான்.

லண்டனில் இதற்கு என்ன செய்வோம் என்பது எனக்கு உடனே மனதில் ஓடியது. மொறிஸ் மைனருக்கென்றே உதிரிப்பாகம் விற்கும் கடைகள் அங்கே உண்டு; பட்டியலைப் பார்த்து, பாகத்தின் இலக்கத்தைத் தொலைபேசியில் சொன்னால், இரண்டு நாளில் தபாற்காரன் கொண்டுவந்து தருவான். 1948 தொடக்கம் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய கார் அல்லவா? ஆனால் நான் நின்றது தெஹிவளையில். அப்பாவின் குரல்தான் கேட்டது: "கண்ணாடிதானே, கொழும்பிலை வெட்டுவிக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மைனரின் கதவுக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. இந்தக் காலத்துக் கார்களின் கதவுக் கண்ணாடியைப் போல வயிறு தள்ளியிருக்காது. எனவே வலது கதவின் கண்ணாடியைக் கழற்றிப் புரட்டி வைத்தால் அதுவே இடது கதவுக்கு அளவு. இந்தக் கெட்டித்தனத்தை நானே கண்டுபிடித்ததாக நினைத்து மிகவும் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைதான் பிறகு என்னை அலைக்கழித்தது.

வலது கண்ணாடியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடைக்குப் போனேன். குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, கணினிப் பில் என்று எல்லாமே இருந்தன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இப்படியான கடைகளைக் கண்டால் ஏனோ நம்பிக்கை வந்துவிடுகிறது. "டெம்பர் கண்ணாடிதான் வேணும்" என்று இரண்டு முறை சொன்னேன். "ஓம் சேர், டெம்பர்தான், ஒரு மணித்தியாலத்திலை தாறம்" என்றார் கவுண்டரில் நின்ற தம்பி.

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டெம்பர் செய்த கண்ணாடியை வெட்ட முடியாது. முதலில் சாதாரணக் கண்ணாடியை அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, அதன் பிறகுதான் 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றை அடித்துச் சடுதியாக ஆற்றுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே பின்னால் இறுகுவதால் ஏற்படும் இழுபறியே அதன் பலம். அந்த இழுபறி அறுந்தால் முழுவதும் பொடியாகிவிடும். இதற்கு உலை வேண்டும். அந்தக் கடையில் தேநீர் வைக்கும் மின்கேத்தலைத் தவிரச் சூடான பொருள் எதுவும் இருக்கவில்லை. அதைவிட அவமானம், என் சட்டைப்பையில் பொலரைஸ்ட் வெயில் கண்ணாடி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு டெம்பர் கண்ணாடியில் பிரதிபலிக்கும் வானத்தைப் பார்த்தால் சிறுத்தைத் தோல் மாதிரிப் புள்ளிகள் தெரியும். பில்லை வாங்கி மடித்து வைத்த எனக்கு அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் பொருத்தினோம். கைப்பிடியின் வட்டத் தட்டை உள்ளே அழுத்தி, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஊசியைத் தட்டி வெளியே எடுத்து, உட்பலகையைக் கழற்றி, கண்ணாடியின் அடிச்சனலுக்கு ரப்பர் வைத்துச் சவர்க்காரத் தண்ணீர் தடவி அழுத்தி, எல்லாம் முறைப்படி. வைண்டரைச் சுற்றினேன். முதல் சுற்று இலேசாக இருந்தது. இரண்டாவது சற்று இறுகியது. மூன்றாவது சுற்றில், முக்கோணக் கண்ணாடிக்குப் பக்கத்துத் தண்டோடு உரசிய மேல் மூலையிலிருந்து ஒரு கோடு, மூச்சுவிடும் வேகத்தில், குறுக்கே ஓடியது. கண்ணாடி இரண்டு துண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு வேல் மாதிரிக் கூராக என் மணிக்கட்டுக்கு நேரே நின்றது.

கற்கண்டாக உதிரவில்லை. வேலாக நின்றது. எனக்கு வந்த கோபம் பணத்துக்காக அல்ல. அந்தக் கதவோரத்தில் நாளை அக்காவின் பேரப்பிள்ளை உட்காருவான். கடைக்குத் திரும்பிப் போனபோது "பொருத்தத் தெரியாமல் பொருத்தியிருப்பீங்கள் சேர்" என்ற பதில் கிடைத்தது. லண்டனில் என்றால் பணத்தைத் திருப்பித் தந்து, மன்னிப்புக் கடிதமும் அனுப்புவார்கள் என்று நான் சொன்னபோது, அத்தான் என் தோளைத் தட்டி, "நீர் இப்ப லண்டனிலை இல்லை, வாரும், பஞ்சிகாவத்தைக்குப் போவம்" என்றார்.

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. ஸ்ரீ சங்கராஜ மாவத்தையின் இரு பக்கமும் அதே கடைகள், கூரை வரை தொங்கும் அதே பம்பர்கள், "என்ன வேணும், என்ன வேணும்" என்று அதே இழுப்பு. மாறியிருப்பது கார்களின் பெயர்கள்தான். அங்கே கடையைத் தேடக்கூடாது, ஆளைத் தேட வேண்டும் என்ற பழைய விதி இன்னும் செல்லுபடியாகிறது. மூன்று கடை, இரண்டு பிளேன்டீ, ஒரு சந்து தாண்டி, கண்ணாடி வெட்டும் நானா (முஸ்லிம் அண்ணர்மாரை அப்படித்தான் அழைப்போம்) ஒருவரிடம் அனுப்பப்பட்டோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உடைந்த துண்டைக் கையில் வாங்கி விளிம்பை விரலால் தடவியதும் சொன்னார்:

"இது வீட்டு ஜன்னல் கண்ணாடி மகன். கார்க் கண்ணாடி இல்ல."

டெம்பர் செய்ய முடியுமா என்று கேட்டேன். ஒற்றைத் துண்டுக்காக உலை வைத்திருப்பவன் அடுப்பு மூட்டமாட்டான், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார். லெமினேட் போடலாம்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம், உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆளைக் குத்தாது, அதோடு அளவுக்கு வெட்டவும் முடியும். சரி என்றேன். வலது கண்ணாடியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கதவக் கொண்டு வாங்க."

"நானா, இது இடதுக்கும் சரியான அளவு, புரட்டினால்..."

"கதவக் கொண்டு வாங்க மகன்."

அன்று மதியம், பெயின்ற் காய்ந்து சில நாட்களே ஆன கதவை இரண்டு படுக்கை விரிப்புகளில் சுற்றி, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு, காலி வீதி நெரிசலில் தெஹிவளையிலிருந்து பஞ்சிகாவத்தைக்குப் போனேன். சாரதி வழி முழுவதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். கதவுக்கும் பயணக்காசு கேட்பாரோ என்று நினைத்தேன், கேட்கவில்லை.

நானா கதவை வாங்கில் கிடத்தி, ஹார்ட்போர்ட் பலகையில் வலது கண்ணாடியின் அச்சை எடுத்து வெட்டிச் சனலுக்குள் விட்டார். பாதி தூரம் போய் நின்றது. என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். சட்டத்தின் பின் மூலையில் விரலை வைத்து, "இதுல ஒரு அடி விழுந்தீக்கி, பழைய அடி" என்றார். அத்தான் உடனே, "எழுபத்திநாலிலை மாமா களனிப் பாலத்தடியிலை லொறியோடை முட்டினவர்" என்றார். எனக்குத் தெரியாத விபத்து. நிமிர்த்திய கதவு நான்கு மில்லிமீற்றர் குறுகிப்போய் ஐம்பது வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. அப்படியென்றால் உதிர்ந்துபோன அந்தக் கண்ணாடி ஓடுவதற்கு யாரோ பழைய சனலைச் சீவிக் கொடுத்திருக்க வேண்டும். புதிய கார் இறக்குமதியே நின்றுபோன எழுபதுகளில் எதையும் வீசாமல் தட்டி நிமிர்த்தித்தானே ஓட்டினார்கள். 2020இல் இறக்குமதி மறுபடி நின்றபோதும் அதே கதைதான், தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்துவிட்டார்கள். லண்டனிலிருந்து இலக்கம் சொல்லி வரவழைத்திருந்தால் அந்தக் கண்ணாடியும் இந்தக் கதவுக்குள் போயிருக்காது.

பலகையைச் சீவிச் சீவி ஐந்து தடவை சனலில் விட்டுப் பார்த்தார். பிறகு லெமினேட் தகட்டில் அச்சை வைத்து, மண்ணெண்ணெயில் தோய்த்த வெட்டுச் சில்லை ஒரே இழுப்பில் ஓட்டினார். பட்டுத்துணி கிழிவது போன்ற மெல்லிய சத்தம். கீழிருந்து தட்ட, கோடு வழியே ஒரு பக்கம் பிளந்தது. புரட்டினார், மறுபக்கமும் அதே கோட்டின் மேல், மயிரிழை விலகாமல் சில்லை ஓட்டிப் பிளந்தார். நடுப்படலம் மட்டும் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றது. பிளவில் ஸ்பிரிட்டை ஊற்றிக் குச்சியைக் கிழித்துப் போட, நீலச்சுடர் ஒன்று கோட்டின் நீளத்துக்கு ஓடி அணைந்தது. இளகிய படலத்தைச் சற்று இழுத்து, சவர அலகால் அறுத்தார். விளிம்புகளைத் தண்ணீர் விட்டு எமரித்தாளில் தேய்ப்பதற்கு மட்டும் முக்கால் மணித்தியாலம் எடுத்தார். வெட்டிய கடையில் அந்த வேலையே நடந்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எதிர்க் கடையின் வானொலியில் செய்தி முடிந்து, கிரிக்கெட் தொடங்கி, ஒரு விக்கெட்டும் விழுந்தது. அவர் நிமிரவில்லை.

குறை சொல்லாமல் விடமாட்டேன். பில் கிடையாது, உத்தரவாதம் என்ற சொல்லுக்கு அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், கையுறை இல்லை, கண்ணுக்குக் காப்பு இல்லை, தீயணைக்க ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. நான் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு நாள் நடந்தால் மறுநாள் கதவுக்குப் பூட்டுப் போடுவார்கள். அவர் கேட்ட கூலியோ, லண்டனில் இரண்டு பேர் காலைச் சாப்பாடு சாப்பிடும் காசு. மேலதிகமாக நீட்டியதை வாங்கவில்லை. அடுத்த முறை வரும்போது நல்ல வெட்டுச் சில்லு இரண்டு கொண்டுவரச் சொன்னார்.

கண்ணாடி மேலே போகும்போது கடைசி இரண்டு அங்குலத்துக்கு உள்ளங்கையால் தாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. புது வெல்வெட் பழகினால் சரியாகிவிடும் என்றார். மற்ற மூன்றிலும் டிரிப்லெக்ஸ் பொறிப்பு இருக்க, இதன் மூலை மட்டும் வெறுமையாக இருப்பது என் கண்ணை இன்னும் உறுத்துகிறது.

புறப்படும்போது அந்த ஹார்ட்போர்ட் அச்சைக் கேட்டேன், லண்டனுக்குக் கொண்டுபோகலாம் என்று. தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சுவரில் கூரைவரை ஆணிகளில் அச்சுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பென்சில் எழுத்து: ஹில்மன், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பேஜோ 203, பியட். எங்களுடையதில் 'மொறிஸ், இடது, முன்' என்று எழுதி, அதன் கீழே காரின் இலக்கத்தையும் கேட்டு எழுதி, ஓர் ஆணியில் மாட்டினார்.

"இனி ஒடஞ்சா கதவத் தூக்கிக்கிட்டு வராதீங்க மகன். போன்ல நம்பரச் சொல்லுங்க, போதும்."