தடித்த சுவரும் வைஃபையும்: மெஷ்ஷா, பவர்லைனா, பழைய டிவி கேபிளா?

எங்களுடையது சிங்கப்பூரின் செங்காங்கில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கட்டிய நான்கறை வீடு. ரூட்டர் வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில், அம்மாவின் அறை கடைசியில், நடுவில் பாம் ஷெல்டர், அதாவது போர்க்காலத்தில் ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டிய பதுங்கறை. அம்மா ஊரிலிருக்கும் சித்தியோடு வீடியோ காலில் பேச உட்கார்ந்தால் சித்தியின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். பேசாமல் கூடத்துக்கு வந்து பேசுங்களேன் என்றால் கோபம் வேறு.

ஷெல்டர் சுவர் சாதாரணச் செங்கல் இல்லை. கம்பி கட்டிய கான்கிரீட், அதற்கு ஓர் இரும்புக் கதவு. அதைத் துளைத்துக் கேபிள் விடவும் அனுமதி கிடையாது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கேயே படுத்துவிடும், 6 இன்னும் மோசம். 2.4 ஓரளவு ஊடுருவும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று எல்லாரும் அதே மூன்றுக்குள் நெருக்கியடிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் எவ்வளவுதான் கிடைக்கும்? 10 ஜிகாபிட் இணையத் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று ரோட்ஷோவில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். வாசல் வரை வரும் வேகம் கூடும், சுவர் அதே சுவர்தான்.

முதலில் வாங்கியது மலிவான எக்ஸ்டெண்டர், ரூட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி. வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே ரேடியோவில் செய்யும் ரகம் என்றால் வேகம் பாதியாகிவிடும். சிக்னல் கோடு முழுசாகக் காட்டும், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அப்புறம் மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைத் தருவது. கடைக்காரர் இரண்டு பெட்டி கொடுத்து, ஒன்றை அம்மா அறையில் வையுங்கள் என்றார். அங்கேதான் தப்பு. சிக்னல் செத்த இடத்தில் இரண்டாவது பெட்டியை வைத்தால் அதற்கே சாப்பாடு வராதே, அது யாருக்குப் பரிமாறும்? ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில், ஷெல்டரைச் சுற்றிப் பார்வை போகிற மாதிரி நடைவழியில் வைத்ததும் கொஞ்சம் தேறியது. ஷெல்டர் இல்லாத எண்பதுகளின் வீடுகளில் இதுவே போதும். எங்கள் வீட்டில் மாலை நேரத்தில் மறுபடி தடுமாறியது.

பவர்லைன் அடாப்டரைப் பலரும் கேலி செய்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். சுவரில் ஓடும் மின்கம்பியிலேயே டேட்டாவை அனுப்பும் சோடி அது. பெட்டியில் 1000 மெகாபிட் என்று போட்டிருக்கும், எனக்குக் கிடைத்தது நூறுக்குப் பக்கம். வீடியோ காலுக்கு அது தாராளம். ஆனால் நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும், சர்ஜ் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷனில் செருகினால் அதுவே சிக்னலை விழுங்கிவிடும். சலவை இயந்திரம் ஓடும்போது எங்கள் வீட்டில் வேகம் இறங்கியது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

பலரும் கவனிக்காதது பழைய கேபிள் டிவி பாயிண்ட். ஸ்டார்ஹப் நிறுவனத்தின் கேபிள் டிவி சேவை 2019-ல் நின்றுபோனது, கம்பி மட்டும் கூடத்திலிருந்து படுக்கையறை வரை சுவருக்குள் சும்மா கிடக்கிறது. மோக்கா என்கிற அடாப்டரை இரு முனையிலும் ஒவ்வொன்று மாட்டினால் அந்தக் கம்பி நெட்வொர்க் கேபிளாகிவிடும், 2.5 தலைமுறை என்றால் ஏட்டில் 2.5 ஜிகாபிட் வரை. விலை மற்றதை விட அதிகம்தான். எனக்கு முதல் நாள் எதுவுமே வரவில்லை, இணைப்பு விளக்கு கூட எரியவில்லை, அடாப்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பார்த்தால் குற்றவாளி டிவிக்குப் பின்னாலிருந்த பழைய ஸ்ப்ளிட்டர், ஒரு கம்பியைப் பல கம்பியாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி. அது 1000 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும், மோக்கா ஓடுவதோ 1100-க்கு மேலே. ஸ்ப்ளிட்டரை மாற்றினேன், வந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் கம்பியில் ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சிக்னல் வீட்டுக்கு வெளியேயும் போகும். இப்போது அந்த மெஷ் பெட்டி அம்மா அறையிலேயே இருக்கிறது, மோக்காவிலிருந்து கம்பி வழியாகச் சாப்பிடுகிறது.

அண்மையில் கட்டிய பிடிஓ வீடு (முன்பதிவு செய்தபின் வீவக கட்டித் தரும் புது வீடு) என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். அறைகளில் டேட்டா பாயிண்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) இருக்கிறதா என்று கட்டிலுக்குப் பின்னால் பாருங்கள், இருந்தால் கேட்6 எனும் நெட்வொர்க் கேபிளுக்கு ஈடு எதுவுமில்லை, மெஷ்ஷின் இரண்டாவது பெட்டியை அதில் செருகினால் முடிந்தது. ஒன்று மட்டும்: ஒயர் கண்ணில் படக்கூடாது என்று ரூட்டரை ஷெல்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். என் நண்பர் ஒருவர் அப்படி வைத்துவிட்டு, மூன்று மாதம் இணைய நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.