கொம்பும் காலும் பிரியாமல்: எம்1 மேக்புக் ஏரோடு ஐந்து ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே உள்ள தோங்காட்டில் திருமண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, பழைய எம்1 ஏர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வேலைக்கு எடுக்கலாமா?" வீடியோவில் தலைப்பெழுத்துகளை அசைய வைக்கும் மென்பொருள் அது. நான் "வேண்டாம்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. இந்த லேப்டாப்பைப் பற்றி ஐந்து ஆண்டுகளாக நான் பெருமையாகப் பேசிக் கேட்டவர் அவர். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவருக்கு விளக்கமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் பெருமைக்குரியதைச் சொல்லிவிடுகிறேன். டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் என் எடிட்டிங் வேலை நடக்கிறது. 2021 பிப்ரவரியில், 16 ஜிபி நினைவகத்தோடு இந்த மேக்புக் ஏரை வாங்கினேன். ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 சிப் அறிவிக்கப்பட்டு (2020 நவம்பர் 10) அப்போது மூன்று மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. வேகத்துக்காக வாங்கினேன் என்று பலர் நினைத்தார்கள். நான் வாங்கியது லோட்ஷெடிங்குக்காக, அதாவது இங்கே முறை வைத்துச் செய்யும் மின்வெட்டுக்காக. என் பழைய இன்டெல் லேப்டாப் மின்சாரம் போன ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். பாதி ஏற்றுமதியான கோப்பு பாழாகும். இந்த ஏரில் இரண்டரை மணி நேர மின்வெட்டு முழுவதும் பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாலும், விளக்கு திரும்பும்போது பேட்டரி எழுபது சதவீதத்துக்கு மேல் நிற்கும். 2023இல் நாடு முழுவதும் 300 நாட்களுக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அந்த ஆண்டில் ஒரு வாடிக்கையாளருக்குக்கூட நான் தேதி தவறவில்லை. உள்ளே விசிறியே இல்லாததால் சத்தமும் இல்லை. இருட்டில் தெருவே அடங்கியிருக்க, நாதஸ்வர ஒலிப்பதிவில் ஒரு மெல்லிய இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்பதைத் தலையணிக் கருவி இல்லாமலே கேட்டறிந்திருக்கிறேன். அந்த இரவுகளுக்காக இந்தக் கருவிக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

ஆனால் சிப் புதிதாக வந்துவிட்டால் மென்பொருளும் கூடவே வந்துவிடுவதில்லை. இன்டெல் புராசஸருக்காக எழுதப்பட்ட நிரலை எம்1 போன்ற ஏஆர்எம் வகைப் புராசஸர் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அந்த இடைவெளியை நிரப்ப ஆப்பிள் கொடுத்த மொழிபெயர்ப்பி ரொசெட்டா 2. அது நல்ல வேலைப்பாடு. பெரும்பாலானவை அதன் வழியே ஓடின. என்றாலும் மொழிபெயர்ப்புக்கு உழைப்பு தேவை, அந்த உழைப்பைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஓடும் மென்பொருள்களைப் பட்டியலிடும் ஆக்டிவிட்டி மானிட்டரில் 'கைண்ட்' என்றொரு பத்தி உண்டு. ஒவ்வொரு மென்பொருளுக்கும் நேரே 'ஆப்பிள்' என்றோ 'இன்டெல்' என்றோ அது காட்டும். அந்தப் பத்தியைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அஃபினிட்டி மென்பொருள்கள் எம்1 வந்த அதே மாதத்தில் தயாராக இருந்தன. போட்டோஷாப் 2021 மார்ச்சில் மாறியது. ஜூனில் இல்லஸ்ட்ரேட்டரும் இன்டிசைனும், ஜூலையில் பிரீமியர் புரோவும் மாறின. ஒவ்வொரு முறையும் 'இன்டெல்' என்ற சொல் மறைந்து 'ஆப்பிள்' என்ற சொல் வந்தபோது, வீட்டில் இன்னொரு விளக்கு எரிந்தது போல இருக்கும். கடைசி வரை எரியாமல் நின்றது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். அதன் முறை 2022 ஏப்ரலில், எம்1 வந்து பதினேழு மாதங்கள் கழித்து வந்தது. அதே ஏப்ரலில்தான் எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெள்ளம் வந்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. குழாயில் தண்ணீர் இல்லாத அந்த வாரங்களில் எந்த அப்டேட்டையும் நான் நினைக்கவில்லை. மே மாதத்தில்தான் தரவிறக்கினேன்.

அந்தப் பதினேழு மாதத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993இல் பிறந்த மென்பொருள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நிரலைப் பிரித்து மறுபடி கட்டுவதற்குக் காலம் ஆகும். முன்பு பவர்பிசி என்ற சிப்பிலிருந்து இன்டெல்லுக்கு மேக் மாறியபோதும் இதுவே நடந்தது: 2006 ஜனவரியில் இன்டெல் மேக் கடைக்கு வந்துவிட்டது, அதற்கென எழுதப்பட்ட அடோபியின் கிரியேட்டிவ் சூட் 3 தொகுப்பு வந்தது 2007இல். காத்திருப்பது இந்தத் தொழிலில் எங்களுக்குப் பழகிய ஒன்று. அப்டேட் வரும் என்று தெரிந்தால் எவ்வளவு காலமும் காத்திருப்போம்.

வராது என்று சொல்லாமலே வராமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தைப்பூசக் காவடி வீடியோவின் தொடக்கத்தில் 'அரோகரா' என்ற சொல் எழுத்து எழுத்தாக மேலெழுந்து வர வேண்டும் என்று கோயில்காரர்கள் கேட்பார்கள். ஆங்கிலத்துக்கு இது ஒரு நிமிட வேலை. தமிழில் 'ரோ' என்பது கண்ணுக்கு மூன்று துண்டு: முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவே ரகரம், பின்னால் கால். நான் பயன்படுத்திய பதிப்புகளில் எழுத்துகளைத் தனித்தனியே அசைக்கச் சொன்னால், இரட்டைக்கொம்பு தனியாக மேலே ஏறி நிற்கும், பிறகு ர வரும், கால் அதற்கும் பிறகு வரும். அரை நொடிதான், ஆனால் அந்த அரை நொடியில் திரையில் இருப்பது தமிழ் அல்ல. தாத்தா, பாட்டி காலத்தில் கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தும் விடாமல் காத்த எழுத்து இது. இதை எங்கள் கோயில் திரையில் கொம்பு வேறு கால் வேறாகச் சிதற விட என்னால் முடியாது. உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கருதி அசைக்கும் பிளக்-இன் ஒன்றை, வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்றிடம் 2019இல் சந்தா கட்டி வாங்கினேன். அது தன் வேலையை மிகச் சரியாகச் செய்தது. இன்றும் செய்கிறது, இன்டெல்லில் மட்டும்.

பிளக்-இன் என்பது தனியாக ஓடும் மென்பொருள் அல்ல, தாய் மென்பொருளின் உள்ளே ஏற்றப்படுவது; ஆகவே இரண்டும் ஒரே புராசஸருக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆப்பிள் சிப்புக்கு மாறிவிட்ட ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இந்த ஒன்றைத் திறக்க மறுக்கிறது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால், 'கெட் இன்ஃபோ' சாளரத்தில் 'ஓப்பன் யூசிங் ரொசெட்டா' என்ற கட்டத்தில் குறியிட்டு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் முழுவதையும் மொழிபெயர்ப்பின் வழியே ஓட்ட வேண்டும். மூன்று நொடித் தலைப்புக்காக மொத்த மென்பொருளும் பின்னோக்கி நடக்கிறது. அப்படி ஓட்டும்போது இரண்டரை மணி நேர மின்வெட்டில் பேட்டரி முப்பது சதவீதத்துக்கு வந்துவிடும், அடிப்பாகம் மடியில் வைக்க முடியாதபடி சுடும். 2022இல் அந்த நிறுவனம் ஒரு புதிய பதிப்பை வெளியிட்டது. ஆவலோடு ஏற்றினேன், திறந்த உடனே மூடிக்கொண்டது. புதிய பதிப்பு ஏவிஎக்ஸ்2 என்ற இன்டெல் கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கிறது என்பதும், ரொசெட்டாவில் அப்போது அது இல்லை என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது. 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவில்தான் ரொசெட்டா அதைக் கற்றுக்கொண்டது. அதுவரை பழைய பதிப்போடு ஓட்டினேன்.

நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினேன். 2021இல் "விரைவில்" என்றார்கள். 2022இல் "சோதனையில் இருக்கிறது" என்றார்கள். 2023இல் பதிலே வரவில்லை, சந்தா மட்டும் என் கணக்கிலிருந்து குறித்த நாளில் போயிற்று. சென்ற ஆண்டு "இப்போதைக்குத் திட்டமில்லை" என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை முதல் ஆண்டே எழுதியிருந்தால் நான் வேறு வழி தேடியிருப்பேன்; சிறு நிறுவனத்தின் சிரமம் எனக்கும் தெரியும், நானும் தனியாள்தான். நான்கு ஆண்டுகள் நம்ப வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி அந்தக் காத்திருப்புக்கும் இடமில்லை. ரொசெட்டா மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும், அதற்குப் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்காக மட்டும் ஒரு பகுதி மிஞ்சும் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. பவர்பிசி நிரலுக்காகக் கொடுத்திருந்த முதல் ரொசெட்டாவையும் அவர்கள் 2011இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். எனவே இதுவும் போகும். அதன் பிறகு கணினியை அப்டேட் செய்யாமல் அப்படியே நிறுத்தி வைத்தால்தான் அந்தப் பிளக்-இன் ஓடும்.

ஆகவே இந்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு அலமாரியிலிருந்து 2018 மேக் மினியை இறக்கினேன். அதில் பேட்டரி கிடையாது. துணைமின் நிலையத்தில் பழுது என்று பகலிலேயே மின்சாரம் போனதால், இன்வெர்ட்டரோடு இணைத்துத் தலைப்பை மட்டும் அதில் செய்து, கோப்பை ஏருக்கு மாற்றிக்கொண்டேன். 'ரோ' முழு எழுத்தாக எழுந்தது. லோட்ஷெடிங்குக்காக வாங்கிய கருவியை வைத்துக்கொண்டு மறுபடி இன்வெர்ட்டரைத் தேடிப் போனேனே என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை. தம்பியிடம் நான் சொன்ன "வேண்டாம்" அந்த மனநிலையில் வந்த சொல்.

இருந்தாலும் அதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. அவர் வைத்திருக்கும் பிளக்-இன்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் தயாரிப்பாளருக்கும் எழுதி, ஆப்பிள் சிப்புக்கான பதிப்பு இன்று கையில் இருக்கிறதா என்று கேட்டு, "விரைவில்" என்று வரும் பதிலை "இல்லை" என்றே குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒன்றே ஒன்று அப்படி இருந்தாலும் வாங்க வேண்டாம்.

பேச்சு முடியும் நேரத்தில் அவர் தயங்கித் தயங்கி, "அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுகிறீர்களா, அண்ணா?" என்று கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு கோயில் வேலையும் மூன்று கல்யாண வேலையும் அதில்தான் நடந்துகொண்டிருக்கின்றன.