மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு அப்ரண்டிஸ் திட்டம்: 5க்கு 3 மதிப்பெண்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம், எரிந்த மோட்டாருக்குக் காயில் மாற்றிக் கட்டும் ரீவைண்டிங் பட்டறைகளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, கையாளுக்குத்தான் பஞ்சம். கட்டட வேலைக்குப் போனால் பையனுக்குச் சாயங்காலமே கூலி. ஸ்டேட்டர் (மோட்டாரில் காயில் இறங்கும் சுற்றாத பாகம்) முன்னால் குனிந்து உட்கார்ந்து ஆறு மாதம் போனால்தான் கை திருந்தும் தொழிலுக்கு அவன் ஏன் வருவான்? அந்த ஆறு மாதச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது என்பதுதான் 2016இல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தின் பலம்.

முதலில் வாசற்படி. 2019 விதித் திருத்தத்தின்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு அப்ரண்டிஸ் (தொழில் பழகுபவர்) எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 வரை உள்ள இடங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். நாலுக்குக் கீழே இடமே கிடையாது. மேஸ்திரி ஒருவர், கூட இரண்டு பேர் என்று ஓடும் பட்டறைதான் இந்தப் பக்கம் அதிகம். திட்டம் யாருக்கு ரொம்ப உதவ வேண்டுமோ அவர்களையே வெளியே நிறுத்துகிறது. ஒரு மதிப்பெண் இங்கேயே போயிற்று.

பணக் கணக்கு சுலபம். குறைந்தபட்ச உதவித்தொகையில் 25 சதவீதம் அரசுப் பங்கு, உச்சம் மாதம் 1,500 ரூபாய். 2019 விதிகள் பத்தாவது தேறியவனுக்கு வைத்த தொகை 6,000; அதில் 1,500 அரசுடையது, 4,500 பட்டறையுடையது. ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பில் உள்ள தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அரசுப் பங்கு இப்போது நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. எல்லைப் பக்கத்துச் சிக்கல் இங்கேதான்: கேரளப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் ஒன்றாக்கிவிட்டுப் பதியுங்கள். பதிந்த பிறகு திருத்துவது தலைவலி.

முதலாளிகள் கவனிக்காத இரண்டு விஷயம் 1961 அப்ரண்டிஸ் சட்டத்திலேயே இருக்கிறது. அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகர் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைமில் வைக்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்குப் போலவே நட்டஈடு கொடுக்க வேண்டியது பட்டறைதான். அதனால் முதல் நாள் பாடம் காயில் அல்ல, கெப்பாசிட்டர். சிங்கிள் பேஸ் மோட்டாரில் கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்த பிறகே கை வைக்க வேண்டும். கரண்டோடு சம்பந்தப்பட்ட வேலையை 18 வயது ஆகாதவனிடம் கொடுக்கவே கூடாது.

இனி பயிற்சி. விருப்பத் தொழில் பிரிவில் பாடத்திட்டத்தைப் பட்டறையே அமைத்துக்கொள்ளலாம், இது திட்டத்தின் நல்ல பக்கம். ஆனால் ‘வைண்டிங் கற்பித்தல், 12 மாதம்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் பையன் ஒரு வருடம் டீ வாங்கிக்கொண்டுதான் இருப்பான். முதல் இரண்டு மாதம் பழைய காயிலைப் பிரித்தல் மட்டும். வெட்டுவதற்கு முன்பே இணைப்பு எப்படிப் போகிறது, எத்தனை ஸ்லாட் (கம்பி இறங்கும் பள்ளம்) தாண்டிக் காயில் விழுகிறது, எந்தப் பக்கம் லீடு வெளியே வருகிறது என்று நோட்டில் வரைய வேண்டும். கம்பி தடிமனை எனாமல் நீக்கிவிட்டு மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். எனாமலோடு அளந்தால் ஒரு கேஜ் தடிமனாகக் காட்டும், வாங்கும் கம்பி தப்பாகும். பழைய காயிலில் சுற்று எண்ணும்போது ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தக் கூடாது, இரண்டாவதையும் எண்ணி ஒத்துப்பார்க்க வேண்டும். சுற்று குறைந்தால் சுமை இல்லாமலே ஆம்ப்ஸ் ஏறும், மோட்டார் சுடும், ஒரு கோடைக்குள் திரும்பி வரும்.

பழைய காயிலைத் தீ வைத்து எரித்து எடுக்கும் பழக்கத்தைப் பையனுக்குத் தொற்றவைக்காதீர்கள். ஸ்டேட்டர் தகடுகளுக்கு நடுவில் உள்ள காப்பு கருகினால் இரும்பு நட்டம் கூடும். புதுக் கம்பி எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் மோட்டார் கொதிக்கும்.

மூன்றாவது மாதம் ஸ்லாட்டுக்குள் வைக்கும் காப்புப் பேப்பர். ஸ்லாட்டுக்கு வெளியே இரு பக்கமும் நாலைந்து மில்லிமீட்டர் நீள வேண்டும். கையாள் சிக்கனம் என்று நினைத்து ஒட்ட வெட்டுவான், ஸ்லாட் வாயில் கம்பி பாடியைத் தொடும். அதன் பிறகே காயில் இறக்கல், அதுவும் ஃபைபர் அல்லது மூங்கில் குச்சியால். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். சப்மெர்சிபிள் மோட்டார் கடைசி நாலு மாதத்துக்கு இருக்கட்டும். தண்ணீர் நிரம்பிய மோட்டாரில் பாலி (பிளாஸ்டிக் உறை) சுற்றிய கம்பியில் நகக்கீறல் பட்டாலே போதும், ஆழ்குழாய்க்குள் இறங்கிய பிறகுதான் கோளாறு தெரியும். இறக்கவும் ஏற்றவும் ஆகும் கூலி காயில் கூலியைத் தின்றுவிடும். கட்டிய ஸ்டேட்டரைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரைப் பையனையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது வைண்டிங்கில் ஒன்றிரண்டு மெகாஓம் மட்டுமே காட்டினால், ஓடும் என்று சொல்லி அனுப்பக் கூடாது. எந்தக் காயில் என்று பிரித்துத் தேட வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பையனும் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. பல பேர் அதைச் சொல்லித் திட்டத்தைத் திட்டுகிறார்கள். போகிறவன் திட்டம் இல்லாவிட்டாலும் போவான்.

போன இன்னொரு மதிப்பெண் மாதாந்திரப் பதிவுக்கு. பட்டறை தன் பங்கைக் கட்டி, இணையவாசலில் ஏற்றினால்தான் அரசுப் பங்கு நகரும். கம்ப்யூட்டர் சென்டரில் ஒவ்வொரு மாதமும் காசு கொடுத்து ஏற்றுகிற மேஸ்திரிக்கு 1,500இல் கொஞ்சம் அங்கேயே கரையும்.

சேர்க்கும் மாதம் முக்கியம். மாசி முதல் வைகாசி வரை தென்னந்தோப்பு மோட்டார்கள் வரிசையில் நிற்கும், சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் ஜூன் கடைசியில் சேருங்கள். அதுவரை எரிந்துபோன பழைய ஸ்டேட்டர் நாலைந்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் எடுத்து வையுங்கள், அவன் முதல் இரண்டு மாதம் வெட்டிப் பழக.