டீசல் ஃபில்டர் வாங்கப் போகிறீர்களா? பில் இல்லாமல் வாங்காதீர்கள்

டீசல் கார் வைத்துக்கொண்டு ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் வண்டிக்கு இதுவரை நான்கு முறை நானே மாற்றியிருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஹோஸைக் கழற்றி, அடியில் இருக்கும் வாட்டர் சென்சாரைப் புதியதில் மாட்டி, கை பம்ப் இறுகும்வரை அமுக்கிக் காற்றை எடுத்தால் வேலை முடிந்தது. இந்த முறையும் வேலையில் குறையில்லை, வாங்கின சாமானில்தான்.

வழக்கமான கடையில் ஸ்டாக் இல்லை என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். பெட்டியில் கம்பெனி பெயர், ஹாலோகிராம், பார்ட் நம்பர் எல்லாமே இருந்தன. எம்ஆர்பி 1,180. "உங்களுக்கு 700 போட்டுக்கறேன் சார்" என்றார். அங்கேயே உறைத்திருக்க வேண்டும். பில் கேட்டால், "ஜிஎஸ்டி பில்னா ரேட் ஏறும்" என்று ஒரு துண்டுச்சீட்டில் 'ஃபில்டர் 1 - 700' என்று கிறுக்கிக் கொடுத்தார். கடைப் பெயர்கூட அதில் கிடையாது. 480 ரூபாய் மிச்சம் என்ற குஷியில் நானும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பதினைந்தே நாள். ஏற்காடு மலைப்பாதையில், குடும்பத்தோடு, ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறியது. இழுவை போய், செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. உருட்டிக்கொண்டே கீழே இறங்கினோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நல்லவேளை, பழைய ஃபில்டரை நான் தூக்கிப் போடவில்லை. மெக்கானிக் அண்ணன் இரண்டையும் ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் தாள் மடிப்புகள் புத்தகப் பக்கம் மாதிரி நெருக்கமாக, ஒரே சீராக இருந்தன. புதியதில் எண்ணிக்கையே பாதிதான். ஒரு முனையில் பசை விட்டு, விரல் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு. டீசல் வடிகட்டப்படாமல் அந்த வழியாகவே போயிருக்கிறது. காமன் ரயில் இன்ஜினில், அதாவது டீசலை ஒரே பொதுக் குழாயில் அழுத்தி வைத்து அனுப்பும் இன்ஜினில், அழுத்தம் 1,000 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனையின் துளையோ கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். அதற்குள் தூசி போனால் என்ன ஆகும்? இன்ஜெக்டர்களை டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்பிச் சுத்தம் செய்து டெஸ்ட் போட்டு வாங்க 9,400 ரூபாய் ஆனது.

கடைக்காரரிடம் போனால், "மாட்டின சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம். அது எங்க கடைச் சாமான்தான்னு என்ன ஆதாரம்?" என்கிறார். நியாயமான கேள்விதான், போங்கள்.

இனி புது ஃபில்டரைப் பழையதோடு ஒப்பிடாமல் மாட்டுவதில்லை. எடை, கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கின் மென்மை, அச்செழுத்து, மூன்றையும் பார்த்துவிடுவேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசிவிட்டேன். அவர்கள் முதலில் கேட்டது பில்லைத்தான்.