அப்டேட் போட்டதும் கடன் பேரேடு காலியா? வைரஸ் என்று சொன்னால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

உரக்கடை, நெல் மண்டி, அரவை மில் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. மன்னார்குடிப் பக்கத்து உரக்கடை ஒன்றில் குறுவை நடவு நேரத்தில் நடந்தது இது. பில் போடும் சாஃப்ட்வேரில் வாடிக்கையாளரின் செல் நம்பருக்கு ஒரு கட்டம் சேர்த்துத் தரச் சொன்னார்கள். செய்து கொடுத்த கம்பெனிக்காரர் ரிமோட்டில் வந்து அப்டேட் போட்டார். திறந்து பார்த்தால் சரக்குப் பட்டியலில் யூரியா, பொட்டாஷ் எதையும் காணோம். 'ஐட்டம் 1', 'ஐட்டம் 2' என்று இருக்கிறது. கடன் பாக்கி மொத்தமும் போச்சு. கேட்டால், "வைரஸ் சார், ஃபார்மட் பண்ணணும்" என்று பதில், அதற்குத் தனிச் சார்ஜ்.

வைரஸுக்கு 'ஐட்டம் 1' என்று எழுதிவைக்க வேலை இல்லை. அது புரோகிராம் எழுதியவர் தன் லேப்டாப்பில் சோதித்துப் பார்க்க வைத்திருந்த மாதிரி டேட்டா.

சி ஷார்ப்பில் எழுதிய இதுபோன்ற புரோகிராம்களில் பல, என்டிட்டி ஃபிரேம்வொர்க் என்ற லைப்ரரி வழியாகத்தான் டேட்டாபேஸைக் காக்கும் எஸ்.கியூ.எல் சர்வரோடு பேசும். அதன் பழைய வரிசையில் 'டிராப் கிரியேட் டேட்டாபேஸ் இஃப் மாடல் சேஞ்சஸ்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. புரோகிராமில் இருக்கும் அமைப்பையும் டேட்டாபேஸில் பதிந்திருக்கும் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு கட்டம் கூடியிருந்தாலும் போதும், பழைய டேட்டாபேஸை அழித்துப் புதிதாக உருவாக்கி மாதிரி டேட்டாவை நிரப்பிவிடும். புதிய வரிசையான கோரில் அது இல்லை. பதிலாக 'என்ஷூர் டெலீட்டட்' (இருந்தால் அழி), 'என்ஷூர் கிரியேட்டட்' (இல்லையென்றால் உருவாக்கு) என்று அடுத்தடுத்து இரண்டு வரி எழுதி, கடைக்குக் கொடுக்கும்போது நீக்க மறந்துவிடுகிறார்கள். "அழிக்கட்டுமா?" என்று எதுவும் கேட்காது.

பழைய வரிசையில் இன்னொரு கவுண்டரில் பில் திறந்திருந்தால் 'டேட்டாபேஸ் உபயோகத்தில் இருக்கிறது' என்று 3702 பிழை வந்து நிற்கும். பல கடைகள் அந்தப் புண்ணியத்தில் தப்பித்திருக்கும். கோர் அப்படி விடாது. முதலில் டேட்டாபேஸை 'சிங்கிள் யூசர்' நிலைக்கு மாற்றி எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் அழிக்கும். டேட்டாபேஸை அழிக்கும் 'டிராப் டேட்டாபேஸ்' கட்டளையை, வேண்டாமென்றால் ரத்து செய்யக்கூடிய டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட முடியாது, அதனால் ரோல்பேக், அதாவது செய்ததைத் திரும்பப் பெறுவது, என்ற பேச்சே இல்லை. டேட்டாவும் அதன் லாகும் இருக்கும் எம்.டி.எஃப், எல்.டி.எஃப் கோப்புகளும் டிஸ்கிலிருந்து போய்விடும், ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

பேக்கப் இல்லையென்றால் முதல் வேலை கம்ப்யூட்டரை அணைப்பது. ஃபார்மட், ரீஇன்ஸ்டால், "இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாம்" எதுவும் கூடாது. டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, அழிந்த எம்.டி.எஃப்பைத் தேட வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி என்றால் டிரிம் என்ற துப்புரவு வேலை ஓடி இடத்தைத் துடைத்திருக்கும், நம்பிக்கை குறைவு.

அழிந்ததைத் தேடி முடித்த பிறகு பார்த்தால், சாட்சி இரண்டு இடத்தில் கிடைக்கும். சர்வரே வைத்திருக்கும் 'சிஸ் டேட்டாபேசஸ்' பட்டியலில் உங்கள் டேட்டாபேஸ் உருவான தேதியைப் பாருங்கள். மூன்று வருஷமாக ஓடுவதற்கு அப்டேட் போட்ட அதே நேரம் பதிவாகியிருந்தால், பேக்கப்பிலிருந்து யாரும் ரீஸ்டோர் செய்யாத பட்சத்தில், விஷயம் முடிந்தது. இரண்டாவது, சர்வர் தானாக எழுதும் டிஃபால்ட் டிரேஸ். எந்த லாகின், எந்த மெஷின், எந்தப் புரோகிராம், எத்தனை மணிக்கு அழித்தது என்று அதில் இருக்கும். ஆனால் 5 கோப்புதான் தங்கும். சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பு. தினமும் ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்கும் கடையில் ஒரு வாரத்துக்குள் சாட்சி மறைந்துவிடலாம். நடுவில் கரண்ட் கட் வந்தால் இன்னும் சீக்கிரம்.

இதெல்லாம் நடக்கக் காரணம், சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள 'எஸ்.ஏ' லாகினில் புரோகிராம் ஓடியது. "எஸ்.ஏ வேண்டாம், டி.பி. ஓனர் கொடுத்திருக்கோம்" என்று கம்பெனிக்காரர்கள் சமாளிப்பார்கள். ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் முழு அதிகாரம் உள்ள டி.பி. ஓனராலும் அந்த டேட்டாபேஸை அழிக்க முடியும். அன்றாட பில்லுக்கு டேட்டா ரீடர் (படிக்க), டேட்டா ரைட்டர் (எழுத), தேவைப்பட்டால் எக்ஸிக்யூட் (டேட்டாபேஸில் எழுதிவைத்த புரோகிராமை ஓட்ட), இந்த அதிகாரங்கள் போதும். கட்டம் சேர்ப்பதை மைக்ரேஷன் ஸ்கிரிப்டாக, அதாவது அந்த மாற்றத்தை மட்டும் செய்யும் கட்டளைக் கோப்பாகத் தரச் சொல்லி, பேக்கப் எடுத்த பிறகு வேறு லாகினில் ஓட்டச் சொல்லுங்கள்.

கடைகளில் இருப்பது பெரும்பாலும் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. அதில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, பேக்கப் தானாக ஓடாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் சர்வருக்குக் கட்டளை அனுப்பும் 'எஸ்கியூஎல்சிஎம்டி' கருவியை வைத்து, கடை அடைப்பதற்கு அரை மணி முன்னால் ஓட விட்டு, பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மானிய உரத்தின் விற்பனை பி.ஓ.எஸ் மெஷின் வழியே அரசு சர்வரில் இருக்கும். ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போர்ட்டலில் இருக்கும். சம்பா அறுத்துத் தருகிறேன் என்று மூட்டை எடுத்துப் போனவரின் பாக்கி மட்டும் வேறெங்கும் இருக்காது. அந்தப் பட்டியலையாவது வாரம் ஒரு முறை பிரின்ட் எடுத்துக் கல்லாவில் போட்டு வையுங்கள்.