சாயம் நாமே பூசுவதா, முன்பணத்தில் கழிக்க விடுவதா, வழக்காடுவதா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாங்கள் இரண்டு ஆண்டுகள் குடியிருந்த நான்கறை வீட்டைக் காலி செய்ய மூன்று வாரம் இருந்தபோது, உரிமையாளர் வந்து சுவர்களைப் பார்த்தார். வீடு முழுவதும் சாயம் பூச 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், முன்பணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு மாத வாடகை முன்பணமாக அவரிடம் இருந்ததால் தைரியமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

அன்றிரவு ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தது. புதிதாகச் சாயம் பூசித் தர வேண்டும் என்று எங்கும் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் நிலைமையே வேறு. அப்போது நீங்களே ஆள் வைத்துப் பூசிவிடுவதுதான் மலிவு.

ஆள் வைக்கும் வழியில் செலவும் தரமும் நம் கையில் இருக்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் உள்சுவருக்குச் சாயம் பூச அனுமதி வாங்கத் தேவையில்லை. எனக்கு ஒருவர் 900 வெள்ளி கேட்டார். ஆனால் சாவி கைமாறும் முன் வேலை முடிய வேண்டும். பழைய நிறத்தோடு ஒட்டாத வெள்ளையைப் பூசினால் அதுவே புதிய சண்டையாகும். உரிமையாளரிடம் சாயத்தின் பெயரையும் எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கழிக்க விடுவது அலுப்பில்லாத வழி. ஊர் திரும்புகிறவர்கள் பலர் விமான டிக்கெட்டை நினைத்து இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பூசி ஐந்து ஆண்டான சுவர் மங்கியதற்கு வெயிலும் காலமும் காரணம். அதற்குப் புதுச் சாயத்தின் முழு விலையையும் குடியிருந்தவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கழிக்கத்தான் போகிறார் என்றால், எந்தச் சுவர், எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ரசீதைக் கேளுங்கள்.

நம் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சாமி விளக்கின் கரி படிந்த மூலை, தாளிப்பு எண்ணெய் தெறித்த அடுப்படிச் சுவர், தோரணம் ஒட்டிய டேப்போடு பெயர்ந்த சாயம், குழந்தையின் கிறுக்கல்: இவற்றைத் தேய்மானம் என்று என்னால் சாதிக்க முடியாது. அந்தச் சுவர்களுக்கு நாம்தான் பொறுப்பு.

கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் நிறுத்திவிடும்படி நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம். அது ஒப்பந்த மீறல், நியாயம் உரிமையாளர் பக்கம் போய்விடும்.

மிஞ்சுவது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை அது விசாரிக்கும். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் இசைந்தால் 30,000. வழக்கறிஞர் கூடாது என்பதால் அந்தச் செலவு இல்லை. மனுவை இணையத்திலேயே கொடுக்கலாம், 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும், கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. நான்கு ஆண்டு வரையான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடுதான், 3,000 வெள்ளி வாடகையில் இரண்டு ஆண்டுக்கு 288 வெள்ளி.

அங்கே எதைக் காட்டுவது? குடிவந்த அன்று எடுத்த, தேதி தெரியும் படங்களை. நான் 46 படங்கள் வைத்திருந்தேன். வரவேற்பறைச் சுவர் அன்றே மஞ்சளாக இருந்தது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. அவற்றை உரிமையாளருக்கு அனுப்பி, அடுப்படிக்கும் சாமி மூலைக்கும் 280 வெள்ளி தருகிறேன், மீதியை நடுவர் மன்றத்தில் பேசிக்கொள்ளலாம் என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் 280 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். சாவியை ஒப்படைத்த பத்தாம் நாள் மீதி முன்பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது.