வருந்தினானா, இரங்கினானா, நொந்துகொண்டானா?

தான் செய்த தவறை நினைத்து ஒருவன் மனம் நோவதை எந்த வினையால் எழுதுவது? தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை மறந்திருக்காது. துளி வருத்தமும் இல்லாமல் வருந்தலாம் என்று நமக்குக் காட்டியதே அதுதான். ‘வருந்து’ எங்கும் பொருந்தும் வினை. பக்கத்து வீட்டுக்காரர் இறந்ததற்கும் வருந்தலாம், அவரை ஏசியதற்கும் வருந்தலாம். முன்னது துக்கம், பின்னது குற்ற உணர்வு. பிரித்துக் காட்டுவது வினையல்ல, அதற்கு முன் நிற்கும் சொல். ‘நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறேன்’ என்று அரசியல்வாதிகள் நழுவுவது இந்த ஓட்டை வழியாகத்தான். யார் செய்த சம்பவம் என்பது அதில் இல்லை. எதிர்த்தரப்பு ‘வருத்தம் போதாது, மன்னிப்புக் கேள்’ என்று விடாப்பிடியாக நிற்பதில் நியாயம் இருக்கிறது.

‘இரங்கு’ ஒரு காலத்தில் இதைவிடக் கூர்மையாக இருந்தது. ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்கிறது 655ஆம் குறள். என்ன காரியம் செய்துவிட்டோம் என்று பின்னால் நோகும்படியானதைச் செய்யாதே என்பது பொருள். இன்று ‘அவன் இரங்கினான்’ என்று எழுதினால் பிச்சை போட்டான் என்றுதான் வாசகர் நினைப்பார். தன் செயலை நோக்கியிருந்த சொல் பிறர் துன்பத்தின் பக்கம் திரும்பிவிட்டது. வடமொழியிலிருந்து வந்த பச்சாதாபத்துக்கும் இதே கதிதான். பின்னர் எழும் மனவேதனை என்பது மூலப்பொருள்; இப்போது அனுதாபத்தின் இன்னொரு பெயர். பழைய தமிழ் விவிலியத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் ‘மனஸ்தாபப்பட்டு’ முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கிறான். இன்று மனஸ்தாபம் என்றால் மைத்துனர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம்!

என் ஓட்டு ‘நொந்துகொள்’ளுக்கு. ‘அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று தன்னையே நொந்துகொண்டான்’ என்ற வாக்கியத்தில் குற்றவாளி யார் என்ற சந்தேகமே எழாது. ‘தன்னை’ என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. ‘விதியை நொந்துகொண்டான்’ என்று எழுதினால் அதே ஆள் விடுதலையாகிவிடுவான்.

கடிதத்துக்கும் அறிவிப்புக்கும் ‘வருந்துகிறேன்’ போதும். ஆனால் ‘தாமதமாகப் பதில் எழுதியதற்கு’ என்று தன் செயலைச் சொல்லிவிட்டு வருந்த வேண்டும். ‘கழிவிரக்கம்’ கழிந்ததற்கு இரங்குதல் என்று பொருளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் அழகான சொல். பலர் அதைத் தன்னிரக்கம் என்ற பொருளில் எழுதுவது வேறு வழக்கு. கட்டுரையில் அதைத் தாராளமாக எழுதலாம். கதை மாந்தர் வாயில் வைத்தால் மளிகைக் கடைக்காரர்கூடத் தமிழாசிரியராகிவிடுவார்.